பிரஷர் இல்லாத அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டம், மஞ்சளும் கரும்பும். அப்பாவுக்கு 61 வயது. வாய்க்கால் மேட்டில் வேகமாக ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்றதால் கோவையில் ஆஞ்சியோகிராம் எடுத்தீர்கள். ஒரு ரத்தக்குழாயில் 60 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மருந்து போதும் என்று அனுப்பிவிட்டார்கள். எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது. சர்க்கரை இல்லை. சீட்டில் ஆஸ்பிரின், ரோசுவாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை), ராமிப்ரில், மெட்டோப்ரோலால். கடைசி இரண்டும் பிரஷர் மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அப்பாவுக்கு எப்போது பார்த்தாலும் 126/78தான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “இல்லாத பிரஷருக்கு மாத்திரை போட்டா கிட்னி போயிரும்” என்கிறார். இதற்கிடையில் ராத்திரியில் வறட்டு இருமல் வேறு. அந்த இரண்டை மட்டும் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம் தம்பி. இருமலுக்காக ராமிப்ரிலை வேறொன்றாக மாற்ற வேண்டி வரலாம், அதை உங்கள் மருத்துவர் செய்வார். மெட்டோப்ரோலாலை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். ஈரோடு மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான். என்னிடம் வரும் குடும்பங்களில் அதிகம் கேட்கப்படுவதும் இதே கேள்விதான். யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் மாத்திரையைப் பாதியில் விட்டிருக்க மாட்டார் என்று தோன்றும் ஆட்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

முதலில் ரத்தக்குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அடைப்பு என்றதும் குழாயின் உள்ளே அழுக்கு படிந்திருப்பதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது குழாயின் சுவருக்குள்ளேயே வளர்வது. சுவரின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைக்கிறது, ரத்தம் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. புகை, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, அழுத்தம் எல்லாம் சேர்ந்து அந்தப் படலத்தைக் கெடுக்கும்போது எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வெள்ளையணுக்கள் வருகின்றன, அங்கேயே செத்துக் கிடக்கின்றன, மேலே ஒரு நார்த்தோல் மூடுகிறது. மாரடைப்பு பெரும்பாலும் இந்தத் தோல் கிழிவதால் வருகிறது. கிழிந்த இடத்தில் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடும். 90 சதவீத அடைப்பு வருடக்கணக்கில் அப்படியே இருக்க, 40 சதவீத அடைப்பு கிழிந்து ஆளைச் சாய்ப்பதும் இதனால்தான்.

ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் தோலின் மேல் ரத்தம் மோதுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு. அழுத்தம் கூடக்கூட அந்தச் சுவருக்குப் பாடு அதிகம். 126 என்பது உயர் ரத்த அழுத்தம் இல்லைதான். ஆனால் ஏற்கனவே புண்பட்ட சுவருக்கு அது கொஞ்சமும் ஆபத்தில்லாத எண் என்று அர்த்தமில்லை.

அதோடு ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஒரு வேதிப்பொருள் நம் உடம்பிலேயே சுரக்கிறது. குழாயை இறுக்குவதும், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கச் செய்வதும் அதன் வேலை. உடம்பில் நீர் வற்றும்போதும் அடிபட்டு ரத்தம் போகும்போதும் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். அளவு மீறி, நாள்கணக்கில், புண்பட்ட சுவரில் வேலை செய்யும்போதுதான் கெடுதல். சுவரில் அழற்சியைக் கிளப்புகிறது, தசைச் செல்களைப் பெருக்குகிறது, நைட்ரிக் ஆக்சைடை வீணாக்குகிறது, இதயத் தசையைத் தடிக்க வைக்கிறது. ராமிப்ரில் அந்தப் பொருள் உருவாவதையே குறைக்கிறது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகை மருந்துகள் அது உருவான பிறகு போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகின்றன.

சரி, இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆளைக் காப்பாற்றுகிறதா? அதற்கு ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த ஹோப் ஆய்வை நடத்தியவர் சலீம் யூசுப். கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவில் பணியாற்றியவர். ரத்தக்குழாய் நோயோ, வேறு அபாயக் காரணியுடன் கூடிய சர்க்கரையோ உள்ள 55 வயதுக்கு மேற்பட்ட 9,297 பேர். பாதிப் பேருக்கு ராமிப்ரில் 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. இவர்களின் சராசரி அழுத்தம் 139/79, அதாவது பலருக்கும் உங்கள் அப்பாவைப் போல “பிரஷர் இல்லை”. சுமார் ஐந்து ஆண்டு முடிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் மருந்தில்லாத பக்கத்தில் 17.8 சதவீதம், ராமிப்ரில் பக்கத்தில் 14.0 சதவீதம். நூறு பேர் ஐந்து வருடம் சாப்பிட்டால் சுமார் நான்கு பேருக்கு அந்தக் கொடுமை வராமல் போகிறது. மிச்சம் 96 பேருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த நான்கு பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு இன்னும் நெருக்கமானது 2004இல் வந்த கேமலாட் ஆய்வு. ஆஞ்சியோகிராமில் இதயக் குழாய் நோய் உறுதியான 1,991 பேர், சராசரி அழுத்தம் 129/78. அம்லோடிபின் (குழாயைத் தளர்த்தும் வேறு வகைப் பிரஷர் மாத்திரை), எனலாப்ரில் (ராமிப்ரில் வகை), வெறும் மாத்திரை என்று மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு ஆண்டில் இதயம் சார்ந்த பிரச்சினைகள் வெறும் மாத்திரைக்காரர்களில் 23.1 சதவீதம், எனலாப்ரிலில் 20.2, அம்லோடிபினில் 16.6. நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் சேர்வதும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் தேவைப்படுவதும்தான் பெரிதாகக் குறைந்தவை. மரணம் குறைந்தது என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. எனலாப்ரிலுக்கும் வெறும் மாத்திரைக்கும் இருந்த வித்தியாசம் கணக்கியல்படி உறுதியானதும் அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2003இல் யுரோபா ஆய்வு ராமிப்ரில் வகையைச் சேர்ந்த பெரிண்டோப்ரில் பயன்தருவதாகக் காட்டியது, பாதிப்பு 9.9 சதவீதத்திலிருந்து 8.0 ஆனது. அடுத்த ஆண்டே பீஸ் என்ற ஆய்வு அதே வகை டிரான்டோலாப்ரிலை 8,290 பேரிடம் சோதித்துப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்றது. பீஸ் ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்கள், முக்கால்வாசிப் பேர் ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள். அதாவது மற்ற சிகிச்சை எல்லாம் சரியாக இருந்தால் இந்த வகை மாத்திரை கூடுதலாகத் தருவது குறைகிறது. என் கருத்து: சர்க்கரை, சிறுநீரில் புரதம், பழைய மாரடைப்பு, இதயம் சுருங்கும் திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ராமிப்ரில் வகை கட்டாயம். இவை எதுவுமே இல்லாத உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு நல்லது, ஆனால் ஸ்டாட்டின் அளவுக்கு உயிர்நாடி அல்ல. இதை மறைத்து “எல்லாம் ஒரே மாதிரி முக்கியம்” என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு நெடுநாள் விவாதம் உண்டு. ஹோப்பில் கிடைத்த பயன் ராமிப்ரிலின் தனிக்குணமா, அழுத்தம் குறைந்ததால் வந்ததா? அந்த ஆய்வில் பகலில் அளந்தபோது மேல் எண் சுமார் 3தான் குறைந்திருந்தது. அவ்வளவு சிறிய குறைவுக்கு இவ்வளவு பயனா என்று முதலில் எல்லோரும் வியந்தார்கள். ஆனால் அதிலேயே ஒரு சிறு குழுவுக்கு 24 மணி நேரமும் கருவி மாட்டிப் பார்த்தபோது இரவில் அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது தெரிந்தது. பிறகு 2021இல், 48 ஆய்வுகளின் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக அலசினார்கள். மேல் எண் 5 குறைந்தால் பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன. ஆரம்ப அழுத்தம் 120களில் இருந்தாலும் சரி, 170 இருந்தாலும் சரி, ஏற்கனவே இதய நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, ஏறக்குறைய அதே விகிதம். ஆக, பெரும்பங்கு அழுத்தம் குறைவதால், மீதி மருந்தின் தனிக்குணத்தால் என்பதே இன்றைக்கு நியாயமான நிலைப்பாடு.

இனி மெட்டோப்ரோலால். பழைய கிணறுகளில் காளைகளைக் கவலையில் பூட்டி, சால் என்ற பெரிய வாளியில் தண்ணீர் இறைத்ததை அப்பா பார்த்திருப்பார். சால் இலேசானால் காளைக்கு ஒவ்வொரு இழுப்பிலும் பாடு குறைவு. நிமிடத்துக்கு இத்தனை தடவை என்று ஓட்டாமல் நிதானமாக ஓட்டினால் காளை மூச்சு வாங்கவும் நேரம் கிடைக்கும். ராமிப்ரிலும் அம்லோடிபினும் சாலின் எடையைக் குறைக்கின்றன, மெட்டோப்ரோலால் நடையை நிதானமாக்குகிறது. இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் விரிந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. துடிப்பு 90இலிருந்து 60க்கு இறங்கினால் அந்த விரியும் நேரம் கூடுகிறது. அடைப்பு இருக்கும் குழாய் வழியாகவும் போதிய ரத்தம் போய்ச் சேருகிறது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது வந்த அழுத்தம் இப்போது குறைந்திருந்தால் அது இந்த மாத்திரையின் வேலைதான்.

மெட்டோப்ரோலால் சேர்ந்திருக்கும் பீட்டா பிளாக்கர் வகையை (துடிப்பைக் கூட்டும் அட்ரினலின் இதயத்தில் ஒட்டும் இடங்களை அடைக்கும் மருந்துகள்) கண்டுபிடித்து 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பிளாக்கின் எண்ணமே அதுதான். இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால் இதயத்தின் தேவையைக் குறைக்கலாமே என்றுதான் அவர் தொடங்கினார். ஆனால் ஆயுளைக் கூட்டுமா என்று கேட்டால் பதில் ஆளைப் பொறுத்தது. மாரடைப்பு வந்து இதயத் தசை பலவீனமானவர்களுக்கு நிச்சயம் கூட்டுகிறது. மாரடைப்பு வந்தும் இதயம் நன்றாகச் சுருங்குபவர்களிடம் 2024இல் ரெட்யூஸ் என்ற ஆய்வு 5,020 பேரைப் பார்த்தது. பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களில் 7.9 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது மறுபடி மாரடைப்புக்கு ஆளானார்கள், எடுக்காதவர்களில் 8.3. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு நார்வே, டென்மார்க் நாடுகளிலிருந்து வந்த ஆய்வு சிறிய பயன் உண்டு என்றது. விவாதம் முடியவில்லை. உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பே வந்ததில்லை, இதயமும் பலமாக இருக்கிறது. ஆகவே அவருக்கு மெட்டோப்ரோலால் நெஞ்சுவலியைக் குறைக்கக் கொடுத்தது. வலி வராத நிலைக்கு வந்தபின் அதைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி, தயங்க வேண்டாம்.

ஆனால் தானாக, திடீரென்று நிறுத்துவது வேறு விஷயம். இந்த மாத்திரையைச் சாப்பிடும் நாட்களில் இதயத்தில் அட்ரினலின் ஒட்டும் இடங்கள் அதிகமாகியிருக்கும். ஒரே நாளில் விட்டால் அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். துடிப்பு எகிறும், நெஞ்சுவலி முன்பைவிட மோசமாகத் திரும்பும், மாரடைப்பும் வரலாம். நிறுத்த வேண்டும் என்றால் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக அளவைக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது, “விரதம், மாத்திரை வேண்டாம்” என்று விட்டுவிடும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அந்த வெயிலில் அவ்வளவு தூர நடையும் பீட்டா பிளாக்கர் நின்றதும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. முருகனிடம் போகிறவர்கள் மாத்திரைப் பெட்டியைக் காவடியோடு எடுத்துப் போங்கள். அடைப்பு கண்டுபிடித்து மாதங்களே ஆன ஆள் என்றால் நடப்பதா வேண்டாமா என்பதையே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்தை யோசித்துத்தான் தர வேண்டும். பஞ்சாலையில் வருடக்கணக்கில் வேலை செய்து நெஞ்சில் வீசிங் உள்ள ஆட்கள் திருப்பூர், கோவைப் பக்கம் ஏராளம். அவர்கள் இதய மருத்துவரிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

இருமலுக்கு வருவோம். ராமிப்ரில் எந்த நொதியைத் தடுக்கிறதோ, அதே நொதிதான் பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளையும் உடைக்கிறது. நொதி நின்றால் பிராடிகைனின் தேங்கும். அது குழாய்களைத் தளர்த்தி நன்மையும் செய்கிறது, தொண்டையில் அரிப்பைக் கிளப்பி வறட்டு இருமலையும் தருகிறது. இந்தத் தொடர்பு தெரியவந்த கதையே பாம்பிலிருந்து ஆரம்பிக்கிறது. பிரேசிலின் ஜரராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் ஆராய்ச்சியாளர் 1960களில் அதன் விஷத்தில் பிராடிகைனினைப் பலப்படுத்தும் பொருள் இருப்பதைக் கண்டார். அதைப் பின்பற்றி அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்தில் குஷ்மன், ஓண்டெட்டி இருவரும் கேப்டோப்ரிலை உருவாக்கினார்கள், 1981இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. ராமிப்ரில், எனலாப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

சளி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், படுத்தால் அதிகமாகும் வறட்டு இருமல், மாத்திரை ஆரம்பித்த சில நாட்களிலிருந்து சில மாதங்களுக்குள் வந்தால் முதல் சந்தேகம் ராமிப்ரில் மேல்தான் விழ வேண்டும். ஆசியர்களுக்கும் பெண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று இருமல் சிரப்பாக வாங்கிக் குடிப்பதில் பயனில்லை. நம் வீடுகளில் இருமலுக்கு அதிமதுரத்தை மெல்லக் கொடுப்பார்கள். தயவுசெய்து அப்பாவுக்கு வேண்டாம். தொடர்ந்து சாப்பிட்டால் அதிமதுரமே ரத்த அழுத்தத்தைக் கூட்டும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். மருத்துவரிடம் போனால் டெல்மிசார்ட்டன் வகைக்கு மாற்றுவார், சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். இரண்டும் சமம்தானா என்ற சந்தேகத்துக்கு 2008இல் ஆன்டார்கெட் ஆய்வு பதில் சொல்லிவிட்டது. 25,620 பேரில் டெல்மிசார்ட்டன் 80 மில்லிகிராம், ராமிப்ரில் 10 மில்லிகிராமுக்கு இணையாகவே காத்தது, இருமலும் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பயன் இல்லை, சிறுநீரகக் கோளாறுதான் கூடியது. ஆகவே மாற்றும்போது பழையதை நிறுத்திவிட்டுத்தான் புதியது.

உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மட்டும் அது இருமல் கதை இல்லை. அந்த நிமிடமே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அபூர்வம்தான், ஆனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

“கிட்னி போயிரும்” என்ற பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் இதை நம்பி மாத்திரையை விட்டவர்கள்தான் அதிகம். உண்மை ஏறக்குறைய தலைகீழ். சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இந்த மருந்துகள் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கப்படுகின்றன. பிறகு ஏன் அந்தப் பேச்சு வந்தது? ஆரம்பித்த முதல் வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறும். சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் குறைவதால் வருவது அது. 30 சதவீதம் வரை ஏற்றம் எதிர்பார்த்ததே. அதற்கு மேல் ஏறினால் ஒரு விஷயத்தைத் தேட வேண்டும்: இதயக் குழாயில் வந்த அதே நோய் இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் குழாய்களையும் சுருக்கியிருக்கிறதா என்று. அப்படி இருந்தால் இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இதற்காகத்தான் மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்திலும் அளவு கூட்டியபின்னும் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் அப்பாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனை செய்தார்களா? செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

இந்த மாத்திரைகளைவிட நீங்கள் கிட்னிக்காகப் பயப்பட வேண்டியது வலி மாத்திரைக்குத்தான். நம் விவசாயிகளுக்கு மூட்டுவலி சாதாரணம். மஞ்சள் வெட்டு சமயத்தில் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், எட்டோரிகாக்ஸிப் என்று கேட்டு வாங்கி நாலு நாள் போடுவார்கள். இவை உப்பைப் பிடித்துவைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. ராமிப்ரிலோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதையே முடக்கிவிடும். போதாததற்கு டைக்ளோஃபினாக்கும் எட்டோரிகாக்ஸிப்பும் இதயக் குழாய் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாதவை, மாரடைப்பு அபாயத்தை அவையே கூட்டுகின்றன. ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையோ, ரத்தம் உறையாமல் ஆஸ்பிரின் செய்யும் வேலையைத் தடுத்துவிடும். அப்பாவுக்கு வலி என்றால் பாராசிட்டமால், ஒத்தடம், அவ்வளவுதான். இந்த ஒரு பத்தியை மட்டும் நீங்கள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாலும் எனக்குப் போதும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாட்களில் ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுண்டு. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், சரியானதும் மறக்காமல் தொடங்குங்கள்.

பொள்ளாச்சி இளநீர் பற்றியும் கேட்பார்கள். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. கிரியேட்டினின் இயல்பாக இருக்கும் ஆள் வெயிலில் ஒரு இளநீர் குடிப்பதில் தவறில்லை. கிரியேட்டினின் கூடியிருந்தாலோ, பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோன் சேர்த்திருந்தாலோ நிலைமை வேறு. ராமிப்ரில் ஏற்கனவே பொட்டாசியத்தைத் தேக்குகிறது, மேலும் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பும் அப்படியே, அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது.

எவ்வளவு வரை அழுத்தத்தைக் குறைக்கலாம்? 2015இல் ஸ்பிரிண்ட் ஆய்வு மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுபோனால் 140க்குக் கீழே வைப்பதைவிடப் பாதிப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்றது. அதோடு மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடின. 2024இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் 120 முதல் 129 வரை, உடம்பு தாங்கினால், என்கிறது. அப்பா 126இல் இருக்கிறார், அது நல்ல இடம். ஆனால் அது மாத்திரையோடு சேர்ந்த 126ஆ, மாத்திரைக்கு முன்பே 126ஆ என்று பாருங்கள். முன்பே அப்படி என்றால் இப்போது இன்னும் இறங்கியிருக்க வேண்டும். கீழ் எண்ணையும் கவனியுங்கள். இதயக் குழாய் வழியாக ரத்தம் போவது அந்தக் கீழ் எண் காலத்தில்தான் என்பதால் அடைப்பு உள்ளவர்களுக்கு அது 60க்குக் கீழே போவதை நாங்கள் விரும்புவதில்லை.

கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது அழுத்தம் தானாகவே இறங்கும். தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது, எழுந்து நின்றால் தள்ளாடுகிறது என்றால் நின்ற நிலையிலும் அழுத்தம் பார்த்து மருந்தளவைக் குறைக்கச் சொல்லலாம். வீட்டில் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை இதய உயரத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள். காபியோ பீடியோ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து அரசு மாத்திரை வீடு தேடி வருகிறது. மிகப் பெரிய உதவி அது, எத்தனையோ வயதானவர்கள் அதனால்தான் மருந்தைத் தொடர்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், கோவையில் எழுதிய கம்பெனி மாத்திரையும் அரசு மாத்திரையும் பெயரளவில் வேறாக, உள்ளே ஒரே மருந்தாக இருந்துவிடும். டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரு மாத்திரையோடு தனி அம்லோடிபினையும் விழுங்கிவிட்டு, கணுக்கால் வீங்கிக்கொண்டு வருவார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர், கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, சுகாதார நிலைய மருத்துவரிடமும் கோவை மருத்துவரிடமும் அப்படியே கொட்டிக் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரை அடைப்பைக் கரைக்காது. அடைப்பின் கொழுப்பைக் குறைத்து அதன் தோலை உறுதியாக்குவது ரோசுவாஸ்டாட்டின். எல்.டி.எல். ஒவ்வொரு 40 மில்லிகிராம் குறையும்போதும் பெரிய பாதிப்புகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அப்பாவுக்கு 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு மாத்திரையில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால்கூட விடக்கூடாதவை ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும். பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை இரண்டும் இன்றே நிற்க வேண்டும், புகை நிற்காத இடத்தில் ராமிப்ரில் செய்வது கொஞ்சம்தான். உப்பு, நாளைக்கு ஐந்து கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டாலே பாதி வந்துவிடும். கம்பஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் தாராளமாகச் சாப்பிடட்டும்.

காலையிலா இரவிலா என்றால் எதுவும் பரவாயில்லை. 2022இல் பிரிட்டனின் டைம் ஆய்வு 21,104 பேரிடம் பார்த்து வித்தியாசம் இல்லை என்றது. மறக்காத நேரம்தான் சரியான நேரம்.

கடைசியாக, நெஞ்சுவலி வந்தால். நம் ஊரில் அதை வாய்வு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருப்பார்கள். அப்பாவுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. வலி வந்ததும் உட்கார வையுங்கள், மருத்துவர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வையுங்கள். ஆண்மைக்கான மாத்திரை எதுவும் கடந்த இரண்டு நாளில் போட்டிருந்தால் அதை வைக்கக் கூடாது, அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. கோவைக்கே போக வேண்டும் என்று காரைத் தேடாதீர்கள். பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரி எதுவோ அங்கே முதலில் போங்கள், மற்றதை அங்கிருந்து அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.